இரண்டாம் பேஸில் நின்றவனின் கல்வெட்டு

என் அண்ணா,

நீ விட்பி வெயர்ஹவுஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இன்றைக்கு இருபத்தாறு நாள். வருகிற ஞாயிறு முப்பத்தோராம் நாள் காரியம். அன்று வருகிற சனத்துக்குக் கொடுக்க உனக்கொரு கல்வெட்டுப் புத்தகம் அச்சாகிறது. பளபளப்பான தாள், தேவாரம், சிவம் மாமா எழுதிய உன் வாழ்க்கை வரலாறு. வாசித்தால் அது ஆரெண்டு உனக்கே விளங்காது. "அடக்கமானவர், எவர் மனமும் நோகாமல் வாழ்ந்தவர்." நீயா? சூப்பவைசரோடு கிழமைக்கு ஒருதரம் சண்டைக்குக் கொழுவின நீயா?

பேஸ்போல் என்ற சொல்லே அதில் இல்லை. மாமாவிடம் கேட்டேன். விளையாட்டுகளில் ஆர்வமுடையவர் எண்டு போட்டிருக்குத்தானே என்றார்.

எல்லாரும் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடிக்கிறவனைப் பார்க்க, நீ இரண்டாம் பேஸ்காரனைப் பார்த்தாய். முதலாம் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவே நின்று தரையோடு வருகிற பந்துகளை மறிக்கிறவன். அவனை ஆர் கவனிப்பார்கள்? நீ எங்கள் சனிக்கிழமை அணியில் அந்த இடத்தில்தான் நின்றாய். உன் ஃபோனில் நூறு வருஷத்துக்கும் மேலான பட்டியல்கள் இருந்தன. ஆட்டவாழ்க்கை முழுவதிலும் ஆகக்கூட அவுட் எடுத்தவர் ஆர், எறிந்து அவுட்டாக்கியவர் ஆர், பிழை விட்டவர் ஆர் என்று.

ஒருநாள் ரூஜ் மைதானத்தில் மட்ச் முடிந்து காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எனக்குக் காட்டினாய். இரண்டாம் பேஸில் எல்லாரையும்விடக் கூடுதலாக அவுட் எடுத்தவர் அந்தக் காலத்து மனிதர், அனேக வருஷம் கையுறையே போடாமல் ஆடியவர். பிழைப் பட்டியலைத் திறந்தால் அங்கேயும் அவர் உச்சிக்குக் கிட்ட நிற்கிறார். அப்ப இவர் கெட்டிக்காரனோ மோடனோ என்று நான் சிரித்தேன்.

"பந்துக்குக் கிட்டப் போறவனுக்குத்தான்ரா பிழை எழுதுவாங்கள். நிண்ட இடத்திலை நிண்டு பாத்தால் ஒண்டும் எழுதமாட்டாங்கள். அடிச்சவன் கெட்டிக்காரன் எண்டு போயிடும்" என்றாய்.

விதி அப்படித்தான். ஓடிப்போய்க் கையில் பட்டு நழுவினால் உன் பெயரில் ஒரு பிழை. அசையாமல் நின்றால் உன் பெயர் சுத்தம்.

மாமாவும் அப்படிச் சுத்தமானவர். முப்பது வருஷமாகக் கனடா, மார்க்கம் நகரில் வீடு, எல்லாச் செத்தவீட்டிலும் முன்வரிசை. அவரைப்பற்றி ஒருத்தரும் ஒரு கூடாத சொல் சொன்னதில்லை. எதைச் சொல்வது? அவர் எதற்கு அசைந்தார்? நீயும் ரேகாவும் கைக்குழந்தையோடு இருக்க இடம் தேடி அலைந்தபோது அவருடைய வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற் சும்மா கிடந்தது. நீ அடித்த ஃபோனை அவர் எடுக்கவில்லை. அதை எந்தப் பட்டியலிலும் எழுத ஏலாது.

நீ பிழை விட்டாய். ரேகா எந்த ஊர், எந்தப் பகுதி, என்ன சாதி என்று விசாரிக்காமல் அவளோடு வாழப் போனாய். தாலியுமில்லை, மண்டபமுமில்லை. பிறகு இரண்டு பேரும் சண்டை பிடித்துப் பிரிந்தீர்கள். ஆனாலும் சனிக்கிழமைதோறும் மகள் ஆதிராவைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றிப்போனாய். அங்கிருந்து அப்படியே மைதானத்துக்கும் கூட்டிவந்தாய்.

கல்வெட்டில் ஆதிரா இல்லை. அன்பு மகனும், பாசமிகு சகோதரனும், அருமை மருமகனும் என்று மூன்று வரிக்கு உறவுகள். தகப்பன் என்று ஒரு சொல் இல்லை.

அவள் பெயரை முதலில் விட்டது நான்தான், அண்ணா. மரண அறிவித்தலை ரைப் பண்ணினது நான். மாமா சொன்னபடி பண்ணினேன். அம்மா அழுதுகொண்டிருக்கிறா, இப்ப பிரச்சினை வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கும் ஒருத்தரும் பிழை எழுதவில்லை.

செத்தவீட்டன்று ரேகாவும் ஆதிராவும் கடைசி வரிசையில் இருந்தார்கள். வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தலை ஆதிரா எழுத்துக்கூட்டி முடிவுவரை வாசித்தாள். திரும்பவும் மேலிருந்து வாசித்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, நான் எந்த லைன்ல இருக்கிறன்?"

ஒன்பது வயதுப் பிள்ளை. பிறகு பார்ப்பம் என்றேன். அதைச் சொன்ன வாயை என்ன செய்வது?

நேற்று கல்வெட்டை ஒப்புப் பார்க்க எனக்கு அனுப்பினார்கள். மாமாவுக்கு ஃபோன் எடுத்து, பிள்ளையின் பெயரைப் போடப்போகிறேன் என்றேன்.

"உது இப்ப தேவையோ தம்பி? நாலு சனம் வாசிக்கிற புத்தகம். உன்ரை கொண்ணனுக்குத்தான் வெக்கம்."

"வெக்கப்பட்டிருந்தால் ஒளிச்செல்லோ வச்சிருப்பார். பிள்ளையைத் தோளிலை தூக்கிக்கொண்டு திரிஞ்சவர்."

"பேர் போட்டால் நான் வரமாட்டன்."

"வராதேங்கோ மாமா. அசையாமல் இருக்கிறது உங்களுக்குப் பழக்கம்தானே."

ஃபோனை வைத்துவிட்டார். பிறகு அம்மாவிடம் போனேன். அவவைக் கேட்காமல் செய்ய எனக்குத் துணிவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மூன்று வரியையும் கனநேரம் பார்த்தா. "பிள்ளையின்ரை முழுப்பேர் என்ன?" என்று மட்டும் கேட்டா. இவ்வளவு காலமும் அது தெரியாமல் எப்படி இருந்தீங்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. எழுதிக் கொடுத்தேன்.

இன்று காலை அச்சகத்தில் நின்று மாற்றுவித்தேன். உறவு வரிசை இப்போது "ஆதிராவின் தந்தையும்" என்று தொடங்குகிறது. அடக்கமானவரைத் தூக்கிவிட்டேன். இரண்டாம் பேஸில் நின்றவர், நிறையப் பிழை விட்டவர் என்று போட்டிருக்கிறேன். அச்சகத்துப் பெடியன் இரண்டுதரம் கேட்டான், உண்மையாவே இப்படித்தானோ என்று. ஓம் என்றேன்.

பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதே. ஞாயிறு மண்டபம் பாதி காலியாக இருக்கும். இருக்கிற பாதி குசுகுசுக்கும். ரேகாவைக் கூப்பிட்டேன், யோசிக்கிறன் என்றாள். அவள் வராவிட்டால் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

வந்தால், ஆதிரா முன்வரிசையில் எங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பாள். அங்கே எவராவது குனிந்து, நீ ஆரின்ரை பிள்ளை என்று அவளிடம் கேட்பார்கள். கேட்காமல் விடமாட்டார்கள். அவள் வாய் திறக்க முதல் நான் எழும்பிச் சொல்லுவேன், மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லுவேன். இது உனக்கு என் வாக்கு.

உன் தம்பி,
ஆதிராவின் சித்தப்பா