எழுபது டிகிரி

அக். 23, வியாழன்

காலையிலிருந்து தூறல். பாசஞ்சர் இருபது நிமிஷம் லேட். விழுப்புரத்தில் இறங்கி லேபுக்கு ஓட்டம். முப்பத்தொரு ரத்த சாம்பிள்.

சாயங்காலம் பிளாட்பாரத்தில் நிற்கும்போது துபாயிலிருந்து அவர் போன். அங்கே ஓட்டலில் அவருக்கு அப்போதுதான் இடைவேளை. ஒன்றரை மணி நேரம், முழுக்க, கறியைப் புகையில் வேகவைக்கிற கிரில் பற்றித்தான் பேச்சு. பத்து நாளாக இப்படித்தான். சின்னதா பெரியதா, விறகு கொட்டுகிற ஹாப்பர் எத்தனை கிலோ பிடிக்கும், நடுத்தட்டை நகர்த்தினால் கறிக்கு நேர் நெருப்பு வருமா. மரத்தூளை அழுத்திச் செய்த குட்டிக் குச்சிகள்தான் இதற்கு விறகு. பெல்லட் என்று பெயர். திருகு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளிவிடும், சூட்டை மெஷினே பார்த்துக்கொள்ளும். ஆறு வருஷமாக அவர் செய்வது இந்த வேலைதான்.

"ஜனவரில காண்ட்ராக்ட் முடியுது செல்வி. நம்ம ஊரு ஆட்டுக்கறிக்கு இது செட் ஆவுதான்னு நீ ஓட்டிப் பாரு. ஆச்சுன்னா திண்டிவனம் பைபாஸ்ல கடைய போட்டுக்கினு அங்கயே உக்காந்துடறேன்."

கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு பேசினதில்லை.

அக். 27, திங்கள்

ரெண்டில் ஒன்று என்று வந்து நின்றது.

சின்னது: பின்கட்டில் அடங்கும். நேர் நெருப்பு இல்லை. கறி புகையும், மேலே முறுகாது.

பெரியது: நடுத்தட்டு நகரும். இரட்டைத் தகடு, மழைக்காற்றிலும் சூடு இறங்காதாம். எடை பூதம்.

எனக்குப் பெரியது. அவருக்கும் பெரியது. ஆனாலும் சின்னதுக்காக ரெண்டு நாள் வாதாடினேன். உடனே ஒத்துக்கொண்டால் போனை வைத்துவிடுவார்.

இன்று ஆர்டர் போட்டாச்சு. போட்டிருக்க வேண்டாமோ.

நவ. 5, புதன்

லீவு. கிரில் வந்துவிட்டது. நாலு பேர் தூக்கி வந்து பின்கட்டில், ஷீட்டுக்குக் கீழே வைத்தார்கள். முதலில் வெறும் சூடு ஒரு மணி நேரம். அப்புறம் ஒரு முழுக்கோழி.

குறிப்பு: 110 வைத்தால் 108க்கும் 112க்கும் நடுவில் நிற்கிறது. சமர்த்து. காற்றாடி தையல் மெஷின் மாதிரி சத்தம். மூடி லேசு, ஸ்பிரிங் வைத்தது, ஒரு விரல் போதும். சாம்பல் ஒரு கைப்பிடிகூட இல்லை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா ஒரு காலைப் பிய்த்துத் தின்று பார்த்தாள். தினமும் என்னோடு அதே ரயிலில் வருகிறவள். "பொகை நாத்தம் அடிக்குதுடி. ஆனா கை நிக்க மாட்டேங்குது" என்று இன்னொரு காலையும் எடுத்துக்கொண்டாள்.

அவர் போன் ஏழு நிமிஷம். "ஓடுதா? சரி. சாப்டியா?"

நவ. 9, ஞாயிறு

நேற்று மழை. ஹாப்பரைச் சரியாக மூடாதது என் தப்பு. பெல்லட் எல்லாம் ஊறி மாவாகி, திருகு இறுகிக்கொண்டது. அழுகையே வந்துவிட்டது. அவருக்குப் போன் போட்டேன்.

இடைவேளை முழுக்க வீடியோவில் கூடவே இருந்தார், ரெண்டு மணி நேரம். "அந்த நட்ட எடது பக்கம் திருப்பு. எடதுன்னா சோத்துக்கை பக்கம் இல்ல." கரண்டிக் காம்பால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். அவருக்கு நெற்றியோரம் நரைத்திருக்கிறது. போன தடவை வந்தபோது இல்லை.

திருகு சுற்ற ஆரம்பித்தது. "அவ்ளோதான், வைக்கவா?" என்றார். சரியானதில் எனக்குச் சந்தோஷமே இல்லை.

நவ. 12, புதன்

மூணு நாளாக "சாப்டியா, சரி, வைக்கிறேன்."

இன்று வீட்டுக்கு வந்ததும் வெறும் கிரில்லைப் பற்றவைத்துவிட்டு நானே கூப்பிட்டேன். சூடு ஏறவில்லை என்றேன். எவ்வளவு காட்டுது என்றார். எழுபது என்றேன். கண்ணெதிரே 110.

வீடியோவில் காட்டு என்றார். நெட் சரியில்லை என்றேன். இடைவேளை முடிந்தும் போனை வைக்கவில்லை அவர்.

எட்டு வருஷமாக லேபில் ஒரு எண்ணை மாற்றி எழுதினதில்லை. சர்க்கரை 140 என்றால் 140தான், யார் வந்து கெஞ்சினாலும். இன்று எழுபது என்று சொல்லும்போது நாக்கு கூசவில்லை. அதை நினைத்தால்தான் பயம்.

அவர் வேண்டும். அவ்வளவுதான் விஷயம். கிரில்லும் வேண்டாம் கறியும் வேண்டாம்.

நவ. 13, வியாழன்

இன்று எழுபத்திரண்டு. புகையும் சரியாக வரவில்லை என்று சேர்த்துக்கொண்டேன். ஐம்பது நிமிஷம் பேசினார். குரல் சோர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

பொய். கவனித்தேன்.

நவ. 14, வெள்ளி

ரயிலில் நிற்க இடமில்லை. யாரோ ஏற்றியிருந்த, தோல் உரிக்காத மல்லாட்டை மூட்டைமேல் நானும் அக்காவும். அவர் போன்.

"யோசிச்சுப் பாத்தேன் செல்வி. நம்ம ஊரு ஈரத்துக்கு அந்த மெஷினு நிக்காது போல. அத நம்பி வேலைய வுட்டுட்டு வந்து நடுரோட்ல நிக்க முடியாது. மேனேஜரு இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் பேப்பர் குடுத்திருக்காரு. திங்கக்கெழம கையெழுத்து போட்டுடறேன். நீ பேஜாராவாத."

சரிங்க என்று வைத்துவிட்டேன்.

அக்கா என்னாடி ஆச்சு என்றாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "கறி வேவறதுக்கு வாங்குனதுல நீயே போயி ஏறி உக்காந்துக்கினியேடி."

நவ. 16, ஞாயிறு

மழை விட்டு நல்ல வெயில். பாய் ஆட்டுக்கறிக் கடையில் கூட்டம். "தொட முழுசாவாம்மா? வெட்ட வேணாவா? கொழம்புல எப்பிடி எறங்கும்?" குழம்பு இல்லை பாய் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

உப்பு, மிளகு, பூண்டு. 10.30க்கு உள்ளே. 110. மூணு மணி நேரம் புகை, ரெண்டு மணி நேரம் ஃபாயிலில் சுற்றி. கறிக்குள் சூடு 92. அப்புறம் நடுத்தட்டை நகர்த்தி, சூட்டை ஏற்றி, நேர் நெருப்பில் பக்கத்துக்கு ஒரு நிமிஷம். அப்புறம் அரை மணி தொடாமல் வைத்திருக்கணும்.

நாலரைக்கு வீடியோ போட்டு, அவர் பார்க்க வெட்டினேன். கருகின மேல்பக்கத்துக்கு அடியில் ரோஜா நிறத்தில் ஒரு வளையம். "அய்யோ, வேவலடி" என்றாள் அக்கா.

அவர் முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். அந்த வளையத்துக்காகத்தான் அவருக்கு அங்கே சம்பளம். புகை சரியாக வந்து, சூடும் சீராக நின்றால்தான் கறி இப்படி வரும்.

"எழுபதுல இது வராதே."

"எழுபது இல்லங்க. நூத்திப்பத்து. எல்லா நாளும் நூத்திப்பத்துதான். நல்லா ஓடுதுன்னா நீங்க போன வெச்சிடுறீங்க. அதான் அப்பிடி சொன்னேன்."

துண்டித்துவிட்டார்.

கறி நன்றாக இருந்ததாம். அக்கா சொன்னாள்.

நவ. 17, திங்கள்

கையெழுத்து நாள். லேபில் ஒரே சாம்பிளை ரெண்டு தரம் ஓட்டினேன். நாலரை. ஐந்து. போன் இல்லை. நானாகக் கூப்பிடத் தைரியமும் இல்லை.

ரயில் விழுப்புரத்தை விட்டு நகரும்போது வந்தது.

"போடல" என்றார். "மேனேஜரு கத்திக்கினு இருக்காரு. கத்தட்டும்."

அப்புறம், "ஏன் செல்வி, பேசணும்னா பேசணும்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா பேசுவீங்களா?"

அவருக்குப் பின்னால் யாரோ பாத்திரம் உருட்டுகிற சத்தம்.

"ஜனவரில வர்றேன். இப்பவே சொல்லிடு. நெஜமா அந்த மெஷின்ல கோளாறு ஏதாவது இருக்குதா?"

ஒரு விரலில் திறக்கிற மூடிதான் ஞாபகம் வந்தது.

"மூடிதாங்க. ரொம்ப கனம். ஒரு ஆளால தூக்க முடியல."

"அப்பிடியா?" என்றார். எந்தப் பக்கம் கனம், ஸ்பிரிங் இருக்குதா, எண்ணெய் போட்டியா. திண்டிவனம் வரும்வரை மூடியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.