பின்கதவுக் குளவிக்கூடு

கண்ணு,

நீ அசந்து தூங்குகிறாய். எழுப்ப மனம் வரவில்லை. பின்கதவுக் குளவிக்கூட்டுக்கு மருந்தடிக்கிறவர் பத்து மணிக்கு வருவார். தோட்டத்துக் கேட்டைத் திறந்தே வைத்திருக்கிறேன். நீ வெளியே வராதே, சன்னலையும் திறக்காதே.

“அப்பா கலைக்கவே விடாத கூடும்மா. குளவி இல்லாம தக்காளியில புழு வந்தா நீயா பொறுக்கித் தின்னப்போற?” என்று நேற்றுச் சண்டை போட்டாய். எனக்கும் அதைக் கலைக்க மனசில்லை. ஆனால் ஒரு குளவி கொட்டியதற்கே உனக்கு மூச்சு முட்டியது. அப்பாவைக் கடைசியாக ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் இன்னொரு முறை இந்த வாசலில் நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

சாப்பாடு மேசைமேல். கொட்டினால் போட்டுக்கொள்ள டாக்டர் கொடுத்த ஊசி தலையணைப் பக்கத்தில். கோபமிருந்தாலும் போனை எடு.

அம்மா

பி.கு.: ஒருநாள் மேலே போனதும் அப்பா கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.