பொட்டுக்குக் கீழே இறங்கிய கூலண்ட்

2-5-2008, வெள்ளி

கார் இன்ஜினைக் குளிர வைக்கிற கூலண்ட் தண்ணீர் மறுபடியும் இறங்கிவிட்டது. போன வாரம்தான் மெக்கானிக் ஞானசிகாமணி ஹோஸ் மாற்றி, கிளிப் மாற்றி, இனிமேல் பானட்டைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினான். இன்று சாயங்காலம் கயல் அப்பா வண்டியை நிறுத்தியதும் திறந்து பார்த்தேன். பாட்டிலில் அடிமட்டம். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. அப்படியானால் எங்கே போகிறது? ஞானசிகாமணி வேண்டுமென்றே எதையோ லூசாக விட்டு அனுப்புகிறான். உத்தமபாளையம் கோர்ட் வாசலில் இத்தனை வருஷமாக ஒரு வக்கீலுக்கு டைப் அடிக்கிறேன். மனுஷர்கள் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று என் விரலுக்கே தெரியும்.

4-5-2008, ஞாயிறு

ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் வைத்துக் கொடுத்திருக்கிறான். ஊசித் துளையாம். எனக்குக் காட்டு என்றேன். அடைத்துவிட்டேனே, எப்படிக் காட்டுவது என்கிறான். நல்ல பதில்தான்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலில் கூலண்ட் மட்டத்துக்கு நேராக ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். இனி யாரும் கதை விட முடியாது.

5-5-2008, திங்கள்

லீவுக்குச் சுருளிப்பட்டி மாமா தோட்டத்துக்குப் போகலாமா என்று கயல் கேட்டாள். திராட்சை ஆசை. போகக் கூடாது என்றேன். மூன்று வருஷத்துக்கு முன் அவள் சடங்குக்கு என் அண்ணன் வரவில்லை. பத்திரிகையை ஆள் வழியாக அனுப்பினேனாம், தட்டோடு வீட்டுக்கு வந்து அழைக்கவில்லையாம். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்க, தாய்மாமன் சேலை இல்லாமல் என் பிள்ளை நின்றாள். அன்றே சொல்லிவிட்டேன், நல்லதோ கெட்டதோ, அந்த வீட்டுப் பேச்சை யாரும் என் காதில் போடக் கூடாதென்று. கயல் அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவி எழுந்தார்.

6-5-2008, செவ்வாய்

பொட்டுக்குக் கீழே இரண்டு விரல்.

9-5-2008, வெள்ளி

நேற்று வரைக்கும் மட்டம் அசையவில்லை. இன்று மறுபடியும் இறங்கியிருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும்தான் இறங்குகிறது. அந்த இரண்டு நாளும் கயல் அப்பா வாழைத்தார் வியாபாரத்துக்குச் சின்னமனூர் போகிறார். போவதாகச் சொல்கிறார். கூப்பிடு தூரத்தில் இருக்கிற சின்னமனூருக்குப் போய்வந்த வண்டியில் இத்தனை கிலோமீட்டர் எப்படி ஓடியிருக்கும்? கேட்டேன். மீட்டர் சரியில்லை என்றார். கூலண்ட் சரியில்லை, மீட்டர் சரியில்லை. வேறு எதெது சரியில்லையோ.

10-5-2008, சனி

காரைக் கூட்டும்போது பார்த்தேன். முன்பக்கம் இடது இருக்கைக்குக் கீழே மிதியடி ஈரம். பிசுபிசுவென்று ஒரு தித்திப்பு வாசம். ஜூஸ் சிந்தின மாதிரி. முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசினது போல மங்கல் — யாரோ ஒருத்தி பவுடர் பூசிய கையால் தொட்டிருக்கிறாளா? நான் உட்கார்ந்து மாசமாகிறது அந்த இருக்கையில். அப்படியானால் யார் உட்கார்கிறது? யார் ஜூஸ் குடிக்கிறது?

பழைய வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தேன். துணியில் பச்சை நிறம். ஜூஸ் இல்லை. கூலண்ட்.

வண்டிக்குள்ளே எப்படி வந்தது?

12-5-2008, திங்கள்

துணியைக் கொண்டுபோய் ஞானசிகாமணி முன்னால் போட்டேன். முகர்ந்து பார்த்தான், தலையைச் சொறிந்தான். ஹோஸும் ரேடியேட்டரும் அவன் சொன்ன காரணம், இரண்டும் தப்பு. அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான். இன்ஜினை ஓடவிட்டு, டேஷ்போர்டில் இருந்த ஒரு திருகைச் சிவப்புப் பக்கம் திருப்பினான். கொஞ்ச நேரத்தில் மிதியடிக்கு மேலே சொட்ட ஆரம்பித்தது. நீலப் பக்கம் திருப்பினான். நின்றுவிட்டது.

வண்டியில் ஹீட்டர் இருக்கிறதாம். மலைமேல் குமுளி எஸ்டேட்காரரிடம் வாங்கின வண்டி இல்லையா. இந்தத் தேனி வெயிலில் ஹீட்டரை யார் தேடினார்கள்?

"யக்கா, அந்தத் திருகத் திறந்தாத்தான் இந்தக் குழாயில இன்ஜின் சுடுதண்ணி ஓடும், அப்பத்தான் ஒழுகும். அங்கன மலைக்குப் போறவுகதான் இதத் திருப்புவாக. அண்ணன் அடிக்கடி மலைக்குப் போறாகளோ?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மலை. செவ்வாய், வெள்ளி. இடது இருக்கை. குளிருகிற யாரோ ஒருத்தி.

எத்தனை விவாகரத்து மனு டைப் அடித்திருக்கிறேன். எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

13-5-2008, செவ்வாய்

ஹீட்டருக்குப் போகிற இரண்டு குழாயையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டால் போதும், ஒழுகாது, ஹீட்டர் வேலை செய்யாது, நமக்கு எதற்கு அது என்று ஞானசிகாமணி சொல்லியிருந்தான். அதையே கயல் அப்பாவிடம் சொன்னேன், முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"வேணாம். ஹீட்டர் கட்டாயம் இருக்கணும். மதுரையில புதுசு சொல்லிவிட்டிருக்கேன்."

எதுக்குங்க என்றேன். இருக்கட்டும் என்றார். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது, இந்த மனுஷனுக்கு ஹீட்டர் வேண்டுமாம். ஒழுகுகிற கூலண்டுக்குப் பதில் ஊற்ற இரண்டு கேன் தண்ணீரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

யாருக்காக? கேட்டிருக்கலாம். பயம், வேறென்ன.

16-5-2008, வெள்ளி

லீவு போட்டேன். அவருக்கு முன்னாலேயே பஸ் ஏறிக் கம்பத்தில் இறங்கி, சுருளிப்பட்டி ரோடு பிரிகிற இடத்தில் டீக்கடை நிழலில் நின்றேன். வண்டி நேரே குமுளிக்குப் போகும், பின்னாலேயே ஜீப் பிடிக்கலாம் என்று கணக்கு. வண்டி வந்தது. குமுளிப் பக்கம் போகவில்லை. சுருளிப்பட்டி ரோட்டில் திரும்பியது. என் பிறந்த ஊரிலேயே ஒருத்தியா? எவ்வளவு நெஞ்சழுத்தம்.

திரும்பி வருகிற வரை நின்றேன். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. முன்னால் இடது பக்கம், தலையோடு சால்வை போர்த்திய ஒரு உருவம். கம்பத்துத் திருப்பத்தில் லாரிக்காக வண்டி நின்றது. சால்வை விலகியது.

அண்ணன்.

பாதியாக இருந்தார். முகம் ஊதி, நிறம் மாறி. கயல் அப்பா வியர்வையில் சட்டை ஒட்டிக்கொள்ள ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி தேனிப் பக்கம் போய்விட்டது. டீக்கடைக்காரர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

சாயங்காலம் நான் கேட்டதும் கயல் அப்பா எதையும் மறைக்கவில்லை.

"கிட்னி ரெண்டும் போச்சு. வாரத்துக்கு ரெண்டு தரம் தேனியில ரத்தத்தச் சுத்தம் பண்ணணும். போகயிலயே குளுருங்குறாக, வரயில பல்லு கிட்டிப் போகுது. பஸ்ஸுல ஒருநா படியிலயே விழுந்துட்டாக. உங்க மதினி மலையம்மா மார்க்கெட்டுக்கே வந்து அழுதுச்சு. தங்கச்சிகிட்டச் சொன்னா ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்னு உங்கண்ணன் சத்தியம் வாங்கிட்டாக. நீயும் அந்த வீட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்ட்ட. நான் என்ன செய்ய?"

வண்டியில் வந்தது ஒரு பொம்பளையாக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் மேல் கோபமாகவும் வருகிறது, அழுகையாகவும் வருகிறது.

19-5-2008, திங்கள்

மதுரையிலிருந்து ஹீட்டர் வந்துவிட்டது. ஞானசிகாமணி டேஷ்போர்டைக் கழற்றி மாட்டினான். பக்கத்திலேயே நின்றேன், சந்தேகத்துக்காக இல்லை. சிவப்புப் பக்கம் திருப்பி வெகுநேரம் ஓடவிடச் சொன்னேன். சொட்டவில்லை.

20-5-2008, செவ்வாய்

தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்து எடுத்துக்கொண்டேன். கயல் அப்பா பார்த்துவிட்டு வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

சுருளிப்பட்டி வீட்டில் அண்ணன் கட்டிலில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மதினி கதவைப் பிடித்தபடி நின்றாள். தட்டை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"எதுக்குத்தா இது?"

"அன்னைக்குக் கொண்டுவராத தட்டுண்ணே. வண்டி நிக்குது. வந்து ஏறுங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு ஒரு வெற்றிலையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கயல் எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டார்.

அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். திருகைச் சிவப்புப் பக்கம் நான்தான் எட்டித் திருப்பினேன். சின்னமனூர் தாண்டுவதற்குள் எனக்கும் கயல் அப்பாவுக்கும் வியர்த்துக் கொட்டியது. தேனியில் இறங்கியதும் மிதியடியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. பாட்டிலில் மட்டமும் பொட்டுக்கு நேராகவே நின்றது. அண்ணன் கையை மட்டும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பிடித்துக்கொண்டு போனேன். அவ்வளவு நேரம் ஹீட்டர் ஓடியும் அது சூடாகவே இல்லை.