ஏப்ரன் பையில் கண்டெடுத்த துண்டுக் காகிதம் பற்றி

அனுப்புநர்:
சி. அல்போன்சம்மாள்,
துப்புரவுப் பணியாளர் (ஆறாம் மாடி),
வீடு: பிடோக், சிங்கப்பூர்.

பெறுநர்:
உயர்திரு. அப்துல் கையூம் அவர்கள்,
நிர்வாக அதிகாரி,
கீழ்த்திசைச் சரக்குக் கப்பல் கம்பெனி,
சிங்கப்பூர்.

பொருள்: கம்ப்யூட்டர் அறையின் கதவு எண்ணை நான் எழுதி வைத்திருந்ததாக ஆய்வு அறிக்கையில் உள்ள குற்றச்சாட்டை நீக்கக் கோருவது, மற்றும் 31.10.1986 அன்று என் வேலையை முடிக்கும் உத்தரவை நிறுத்தக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்த மனுவை யாரிடமும் கொடுத்து எழுதச் சொல்லவில்லை. ஏன் என்பது படித்தால் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. உங்கள் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். கம்ப்யூட்டர் அறை வந்த நாளிலிருந்து அதைக் கூட்டித் துடைப்பவள் நான்தான். அந்தக் கதவுக்குச் சாவி கிடையாது, நான்கு பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் திறக்கும். எண் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாறும். மாற்றுபவர் அறைப் பொறுப்பாளர் திரு. லாசரஸ். மாற்றியதும் என்னைக் கூப்பிட்டு ஒரு தடவை அழுத்திக் காட்டுவார். நான் அதை எண்ணாகப் படிப்பதில்லை. ஜெபமாலை மணி கைக்குத் தெரிவது போல, விரல் மேலே போய்ப் பக்கத்தில் வந்து கீழே இறங்கும். அவ்வளவுதான். ஆகவே எழுதி வைக்க வேண்டிய தேவை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

2. ஆகஸ்ட் மாதம் வெளியிலிருந்து ஆய்வாளர்கள் இருவர் வந்தார்கள். கம்ப்யூட்டர் இரகசியத்தை ஊழியர்கள் எப்படிக் காக்கிறார்கள் என்பது அவர்கள் ஆராய்ச்சி. யார் என்று சொல்லாமல் பதினான்கு பேருக்குப் போன் செய்து கதவு எண்ணைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் வந்தது. பேசியவர் தலைமை அலுவலகம் என்றார், அவசரம் என்றார், ஆண்ட்டி என்றுகூடச் சொன்னார். அவசரமாக இருந்தால் நேரில் வாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு என் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பதினான்கு பேரில் எட்டுப் பேர் எண்ணைச் சொன்னதாகவும், சொல்லாத ஆறு பேரில் நானும் ஒருத்தி என்றும் அவர்கள் அறிக்கையின் ஒன்பதாம் பக்கமே சொல்கிறது. உங்கள் உத்தரவின் பேரில் அந்தப் பக்கத்தையும் பதினாறாம் பக்கத்தையும் எனக்குப் படித்துக் காட்டியவர் தட்டச்சர் சிவகாமசுந்தரி.

3. பதினாறாம் பக்கத்தில்தான் என் தலையில் கல்லைப் போட்டிருக்கிறார்கள். செப்டம்பர் 10ஆம் தேதி துடைப்பக் கட்டை அலமாரியைத் திறந்து, ஆணியில் தொங்கிய, வேலை செய்யும்போது சேலை மேல் கட்டிக்கொள்ளும் என் ஏப்ரன் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார்கள். அதில் நான்கு எண்கள் இருந்தன. இரண்டிரண்டு இலக்கமாக இருந்த முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் அடுத்தடுத்து வைத்தால் அந்த வாரத்துக் கதவு எண். என் முன்னாலேயே இரண்டுக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டார்கள். நடுவில் இருக்கும் இரண்டு எண்கள் எதற்கு என்று நான் கேட்டேன். மறைப்பதற்காக எழுதியது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். மேற்பார்வையாளர் தங்கராஜு எல்லார் எதிரிலும், "படிக்காதவங்க கையில நம்பர் கொடுத்தா இப்படித்தான் லா, எழுதி வச்சிக்கிட்டு அலைவாங்க" என்றார். திரு. லாசரஸ் அப்போது அங்கே இல்லை. காகிதத்தை அவர் பார்க்கவில்லை. செய்தி கேட்டு வந்தவர், "அக்கா, எழுதி வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

4. ஐயா, அந்தக் காகிதத்தில் இருந்தவை பாட்டு எண்கள். நீங்கள் முஸ்லிம் என்பதால் எங்கள் கத்தோலிக்கக் கோவில் வழக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் நான்கு பாட்டுகள் பாடுவோம். பாட்டுப் புத்தகத்தில் உள்ள அவற்றின் எண்களைப் பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரப் பலகையில் பெரிதாக மாட்டியிருப்பார்கள். என் கணவர் சிலுவைராஜ் பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடமாகப் பூசைக்கு வர முடிவதில்லை. ஆகவே பலகையைப் பார்த்து எண்களை எழுதிக்கொண்டு போய், சாயங்காலம் அதே நான்கு பாட்டுகளை அதே வரிசையில் அவருக்குப் பாடுவேன். வரிசை மாறினால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் காகிதம் கைப்பையிலேயே கிடந்து வேலைக்கும் வந்து, ஏப்ரன் பைக்குள் போய்விட்டது. அது என் கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

5. பாட்டு எண்ணும் கதவு எண்ணும் எப்படி ஒன்றாகும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அன்று பஸ்ஸில் வீடு போகும்வரை அதைத்தான் யோசித்தேன். பழைய காகிதங்கள் ஒன்பது பாட்டுப் புத்தகத்துக்குள் இருந்தன. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பொத்தான்களை வரைந்து, காகிதத்தைப் பார்த்து விரலை வைத்தேன். நினைவில் இருந்த வாரங்களுக்கு விரல் போன வழியிலேயே போயிற்று. நம்பாமல் மேலும் இரண்டு ஞாயிறு பலகையைப் பார்த்தேன். செப்டம்பர் 15, 22 ஆகிய திங்கட்கிழமைகளில் திரு. லாசரஸ் எனக்கு அழுத்திக் காட்டியவை முந்தின நாள் பலகையில் இருந்த முதற்பாட்டும் கடைசிப் பாட்டும்தான்.

6. எங்கள் பாடற்குழுத் தலைவரும் திரு. லாசரஸ்தான். பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பவர் அவர், பலகையில் எண்களை மாட்டுபவரும் அவர். வாரத்துக்கு ஒரு புது எண் வேண்டும், மறக்கவும் கூடாது, எழுதவும் கூடாது என்று கம்பெனி சொன்னது. அவர் எழுதவில்லை. தமக்குப் பிடித்த பாட்டுகளின் எண்ணையே வைத்துக்கொண்டார். நூறாம் எண்ணுக்கு மேலே உள்ள நல்ல பாட்டுகள் முதலிலும் கடைசியிலும் வருவதே இல்லையே என்று பெண்கள் நாங்கள் இரண்டு வருடமாகக் குறைபட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு இலக்கமும் இரண்டு இலக்கமும் சேர்ந்து நான்கு பொத்தான் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

7. எண் வெளியில் போனது என் ஏப்ரன் வழியாக அல்ல. முந்நூறு பேருக்கு எதிரில் சுவரில் தொங்கியது. செப்டம்பர் 26ஆம் தேதி எனக்கு வேலை முடிவுக் கடிதம் கொடுத்து, இனி இவளுக்கு எண்ணைக் காட்டக் கூடாது என்றும் உத்தரவு போட்டீர்கள். அதன் பிறகு தங்கராஜு கதவைத் திறந்து விடுகிறார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். ஆனால் இந்த வாரத்து எண்ணும் எனக்குத் தெரியும் ஐயா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போயிருந்தேன். எனக்கு உரிமை இல்லை என்று நீங்கள் சொன்னதால் நான் பொத்தானைத் தொடவில்லை.

8. இதைத் திரு. லாசரஸிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே எண்ணை மாற்றிவிடுவார், என்னிடம் இருப்பது ஒன்பது காகிதமும் ஒரு கிழவியின் விரலும்தான், யார் நம்புவார்கள்? சொல்லாமல் இருப்பதும் எனக்கு எளிதாக இல்லை. என் கணவர் விழுந்த அன்று அவரைத் தோளில் தூக்கி நான்கு மாடி இறக்கி டாக்ஸியில் ஏற்றியவர் திரு. லாசரஸ்.

9. ஆகவே ஒரு வழி சொல்கிறேன். வருகிற 12ஆம் தேதி ஞாயிறு காலை ஒன்பது மணிப் பூசைக்கு நீங்களோ, நீங்கள் நம்பும் ஒருவரோ எங்கள் கோவிலுக்கு வரவும். உள்ளே வர வேண்டியதில்லை. வாசலில் நின்றாலே பலகை தெரியும். மறுநாள் திரு. லாசரஸ் எண்ணை மாற்றிய பின் நீங்களே போய் முதற்பாட்டையும் கடைசிப் பாட்டையும் அழுத்தவும். கதவு திறக்காவிட்டால் 31ஆம் தேதி வரைகூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே போய்விடுகிறேன்.

10. திறந்தால், பதினாறாம் பக்கத்தில் என்னைப் பற்றிய வரிகளை அடித்து, அடித்ததை ஆய்வாளர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்கவும். படிப்புக் குறைந்த ஊழியர்களிடம் எண்ணைக் கொடுக்கக் கூடாது என்று அறிக்கையின் முடிவில் ஒரு வரி இருக்கிறதாம். இனி வரப்போகும் துப்புரவுப் பெண்களுக்காக அதையும் அடிக்கவும். வேலை முடிவுக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், இதற்கு எனக்கு உரிமை உண்டோ இல்லையோ. என் பெயரை அடித்த இடத்தில் திரு. லாசரஸின் பெயரை எழுத வேண்டாம். அவரைத் தனியாக அழைத்து, கதவை மூடிக்கொண்டு, எண்ணை வேறு விதமாக வைக்கச் சொல்லுங்கள். அது போதும். அவர் நல்ல ஊழியர், குரலும் நல்லது. அதற்கடுத்த ஞாயிறு நூறாம் எண்ணுக்கு மேலே உள்ள ஒரு பாட்டு முதலில் வந்தால், நீங்கள் பேசிவிட்டீர்கள் என்று நான் தெரிந்துகொள்வேன்.

இந்த மனு பல கைகள் தாண்டி வரலாம் என்பதால் இதில் எந்த எண்ணையும் நான் எழுதவில்லை. ஒன்பது காகிதங்களையும் நேரில் கேட்டால் உங்கள் கையில் மட்டும் கொடுப்பேன்.

உங்கள் நீதியை எதிர்பார்த்து,

இடம்: பிடோக், சிங்கப்பூர்
தேதி: 8.10.1986

(ஒப்பம்)
சி. அல்போன்சம்மாள்