பலகையில் ஒன்பது பெயர்கள்

ஜூன் 12, வியாழன்

"டீச்சர், இது என் வகுப்பு" என்று இன்று நான் சொல்லவில்லை.

பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதும் வழக்கம் என் வகுப்பில் இருக்காது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். நான் கையைத் தூக்கினால் அவர்களும் தூக்கி அமைதியாகிவிட வேண்டும், அவ்வளவுதான். நான்கே நாளில் பழகிவிட்டார்கள். இன்று ஆபீஸுக்குப் போய்த் திரும்பினால் பலகையில் ஒன்பது பெயர்கள். பக்கத்து வகுப்பு வசந்தா டீச்சர், என் மாணவி கீர்த்தனாவை லீடராக்கி அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்திருந்தார்.

"சிதம்பரத்துலேருந்து ரயிலேறி வந்து ஒரு வாரம் ஆவல, அதுக்குள்ள புதுச் சட்டமா? கையத் தூக்குனா அடங்குற புள்ளைங்களாம்மா இதுங்க? தலையில ஏறி ஒக்காந்துக்கும்" என்றார், பிள்ளைகள் முன்னால்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் மீதா, என் மீதா, தெரியவில்லை.

அவர் போனதும் பெயர்களை அழித்துவிட்டுக் கையைத் தூக்கினேன். ஒரு கைகூட எழவில்லை. எல்லாரும் கீர்த்தனாவைப் பார்த்தார்கள்.

மாலை மணி அடித்ததும், நான் அழித்த ஒன்பது பெயர்களையும் நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு அவள் வசந்தா டீச்சரிடம் போனாள்.