பொள்ளாச்சிக்கு ஒரு டிரங்க் கால்

12-8-1974, திங்கள்

போனில் பேசப் போகிறோமென்று முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போனேன். வெளியில் சொன்னால் மானம் போகும்.

விருந்தாளிகள் முன் நான் கேலி செய்ததில் கோபித்துக்கொண்டு, என் மனைவி சரசு பொள்ளாச்சியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வந்துவிடு என்று சொல்லத்தான் டிரங்க் கால். கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து சாயங்காலம் வரை லைன் கிடைக்கவில்லை.

"ரெண்டு ஸ்டேட்டுக்கு நடுவுல ஒரு கம்பி இழுக்கத் துப்பில்லாத சர்க்காருங்க இது" என்று தபாலாபீசில் பிரசங்கம் செய்தேன்.

போஸ்ட்மாஸ்டர் விடவில்லை. "ஏனுங்க, அம்மணிய ஊட்ட உட்டு முடுக்கி உட்டதும் சர்க்காருங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். என் ஜோக்குக்குச் சிரிக்காத ஒரே ஆள் சரசு. அந்தச் சிரிக்காத முகம் இல்லாமல் வீடு வீடாயில்லை. நாளைக்கு மந்திரிக்கே மனு எழுதப் போகிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகிற பஸ் எங்கள் வாசலில்தான் நிற்கிறது.