மொன்பசியாக்கும் மைசூர்பாக்கும்

ஜனவரி 19, ஞாயிறு
எதிர் வீட்டு அருள்மேரி காலையில் மணி அடித்தார். கையில் துண்டில் சுற்றிய ஒயின் பாட்டில். பிரான்சில் இருக்கும் அண்ணன் மகன் சவுரிமுத்து கிறிஸ்துமஸுக்கு வந்தபோது தந்ததாம். மொன்பசியாக் – அது விளையும் பிரெஞ்சு ஊரின் பெயர். இனிப்பு ஒயின்.

“கெமிஸ்ட்ரி வாத்தியாராச்சே சார், இதோட என்ன சாப்பிடணும்னு பாத்துச் சொல்லுங்க. தனியா குடிச்சா நல்லாவா இருக்கும்?”

தனியா என்றது தின்பண்டம் இல்லாமலா, ஆள் இல்லாமலா? கேட்டிருக்கலாம். நான் எங்கே கேட்டேன்!

ஜனவரி 20
படித்தேன். திராட்சையைக் கொடியிலேயே பூஞ்சை பிடிக்க விடுகிறார்கள். நீர் வற்றிச் சர்க்கரை திரள்கிறது. வாத்து ஈரலோடும் நீலப் பூஞ்சை படர்ந்த சீஸோடும் சாப்பிடுகிறார்கள். சேலையூரில் வாத்து ஈரலுக்கு எங்கே போவது? சவுரிமுத்துவுக்குப் போன் செய்தேன். “நல்லா ஜில்லுன்னு வெச்சுக் குடிங்க சார், போதும்” என்றான்.

பூஞ்சை விஷயத்தை அருள்மேரியிடம் சொன்னேன். “அப்ப நம்ம வயசுக்கு ஏத்ததுதான்!” என்று சிரித்தார்.

நம்ம.

ஜனவரி 22
ஞாயிறன்று கேட்டுவிடுவது. எதை? இங்கே எழுதவே கை கூசுகிறது. எதிரெதிர் கதவுகளுக்குப் பின்னால் இரண்டு பேர் தனித்தனியாகச் சாப்பிடுகிறோம். அதை ஒரே மேசையாக்கலாமா என்று. எழுபத்திரண்டு வயதில் இது தேவையா, ஜெயவேலு?

நல்ல காரியம் பேசப் போகும்போது இனிப்பில்லாமல் போகக் கூடாது. மைசூர்பாக் வாங்கிவிட்டேன். தின்பண்டம் ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் புளிக்கும் என்று படித்தது நினைவிருக்கிறது. அதற்காக இந்தப் பேச்சைக் காரத்தோடா தொடங்குவது?

ஜனவரி 26
தொலைந்தது. மைசூர்பாக், அதன்மேல் ஒரு வாய் ஒயின். அவர் முகம் கோணியது. சிரிப்பு வந்தால் அவர் பேச்சு பழையபடி, பிறந்து வளர்ந்த ராயபுரம் ஆகிவிடும். “இன்னா சார் இது, எலுமிச்சங்கா புழிஞ்சா மாதிரி கீது!”

நானும் சிரித்தேன். மீதியை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. கோழைப் பயல்.

ஜனவரி 27
சிறுசேரியிலிருந்து மகள் தமிழினி போன். சொன்னேன். “ஒயினுக்கு மைசூர்பாக்கா! ஏன்ப்பா?” அருள்மேரியிடம் நல்ல காரியம் பேசப் போனேன் என்றேன்.  “போய்ச் சொல்லிடுங்கப்பா. அம்மா இருந்தா அவங்களே உங்களத் தள்ளிவிட்டிருப்பாங்க.”

ஜனவரி 28
திறந்த பாட்டில் சில நாள்தான் தாங்குமாம்.

ஜனவரி 30
“மிச்சத்தக் கொட்டிடவா சார்?” என்றார் அருள்மேரி வாசலில் நின்று. “வேண்டாம்!” – நானா அப்படிக் கத்தினேன்?

மிளகுத் தட்டையோடு போனேன். அவர் நெத்திலி வறுத்திருந்தார். உப்பும் உறைப்பும் நாக்கில் நிற்கும்போதே ஒரு வாய் குளிர்ந்த ஒயின். தேன். ஆரஞ்சுத் தோல். காய்ந்த ஆப்ரிகாட் பழம். அதே பாட்டில்தானா இது! அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் இன்னொரு நெத்திலியை எடுத்தேன்.

“காரந்தான் சேரும்னு படிச்சிருப்பீங்களே. அன்னிக்கு எதுக்கு மைசூர்பாக்?”

வாய் நிறைய நெத்திலி. “நல்ல விஷயம்... பேச வந்தேன். நம்மளப் பத்தி.” அவ்வளவுதான் வந்தது.

எழுந்து போனார். ஐயோ, கெடுத்தேனே – என்று நினைப்பதற்குள் ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம். அதே மைசூர்பாக் டப்பா. ஒரு துண்டை விண்டு, பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மறுபாதியை என் கையில் வைத்தார்.

“அப்ப இதுதான் முதல்ல. ஒயின் புளிச்சாப் புளிக்கட்டும்.”

புளித்தது. இருவரும் குடித்தோம்.

மே 4, ஞாயிறு
சவுரிமுத்து போன் செய்தான். “மாமா, வர்றப்போ ரெண்டு பாட்டில் எடுத்தாரட்டுமா?” மாமா! ஒன்றே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அடுப்படியில் நெத்திலி பொரியும் சத்தத்துக்கு மேல் மேரி குரல் கொடுத்தாள்: “மூணுன்னு சொல்லுங்க!”